பூஜ்யம் இல்ல சார்

மோட்டாருக்குக் கம்பிக் காயில் சுற்றுகிறவளுக்குக் கணிதப் பட்டம் எதற்கு என்று கேட்காத வாய் இல்லை. அவள் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பகலெல்லாம் பட்டறை, சாயங்காலம் கல்லூரி என்று ஐந்து வருஷம் ஓடினாள். கடைசிப் பரீட்சையில் ஆறே ஆறு மதிப்பெண்ணில் பட்டம் கைநழுவிப் போனது.

காலை வாரிவிட்டது ஒரே கேள்வி, பத்து மதிப்பெண். ஒரு கலப்பெண், மையப்புள்ளியைச் சுற்றி ஒரு முழு வட்டம் அடிக்கிறது. பூஜ்யத்தில் தொடங்கித் தொடர்ச்சியாக மாறும் அதன் வீச்சை, அதாவது அது திரும்புகிற கோணத்தை, சுற்று முழுக்கத் தொகையிட வேண்டும். அவள் 'இரண்டு பை வர்க்கம்' என்று எழுதியிருந்தாள். விடைக்குறிப்பில் பூஜ்யம். அவளுக்கும் பூஜ்யம்.

"விட்டுத் தொலை. அவங்க கம்ப்யூட்டர்ல போட்டுப் பாத்திருப்பாங்க. நீ எங்கயாவது எண்ணிக்கைய விட்டிருப்ப" என்றான் புருஷன். அவள் காயில் சுற்றும்போதெல்லாம் பக்கத்திலேயே நின்று, கூடவே வாய்விட்டு எண்ணுகிற மனுஷன் அவன். வேறென்ன சொல்வான்!

"எண்ணிக்கைய விட்டது யாருன்னு பாத்துட்டு வரேன்" என்று கிளம்பிவிட்டாள்.

கல்லூரியில் கணிதத் துறைத்தலைவர் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினார். "இதுவே பூஜ்யம்னு சொல்லுதும்மா. இதுக்கு மேல நான் என்ன பண்ண?"

"கோணத்தைப் படமா போடுங்க சார்."

போட்டார். கோடு மெல்ல மெல்லப் பை வரைக்கும் ஏறியது. அங்கிருந்து தடாலென்று மைனஸ் பைக்கு விழுந்து, மறுபடி ஏறிப் பூஜ்யத்தில் வந்து நின்றது.

"பாத்தீங்களா? கேள்வியில தொடர்ச்சின்னு இருக்கு. தொடர்ச்சியா போறது நடுவுல எப்படி சார் விழும்?"

"மென்பொருள் கோணத்தை அப்படித்தாம்மா காட்டும்."

"காட்டிட்டுப் போகட்டும். என் மெஷின்ல சுத்து எண்ணுற முள்ளும் நூறு சுத்துக்கு ஒருதடவ பூஜ்யத்துக்கு வந்துடும். அதுக்காக நான் கம்பியே சுத்தலன்னு சொன்னா மோட்டார் ஓடுமா? நான் நூறு நூறுக்கும் சுவத்துல சாக்பீஸால கோடு போடறவ. விழுந்த இடத்துலேர்ந்து இரண்டு பை சேத்துப் போடுங்க சார்."

சேர்த்தார். கோடு அறுபடாமல் இரண்டு பை வரைக்கும் ஏறியது. தொகை பத்தொன்பது புள்ளி ஏழு மூன்று ஒன்பது. இரண்டு பை வர்க்கமேதான்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "இந்த விடைக்குறிப்பு எழுதினவனே நான்தாம்மா" என்றார். அவள் தாளில் இருந்த பூஜ்யத்தைச் சிவப்பு மையால் அடித்துப் பத்து என்று போட்டார். "இந்த விடைய எழுதினது மொத்தப் பேர்ல நீங்க ஒருத்தர்தான்."

பட்டம் அவள் கைக்கு வந்துவிட்டது. அம்மாடி, ஐந்து வருஷம்! படிக்கட்டில் கால் பாவவே இல்லை.

மறுநாள் பட்டறைக்கு ஒருவர் தண்ணீர் மோட்டாரோடு வந்து உட்கார்ந்தார். அவள் கைப்பிடியைச் சுழற்றினாள். முள் பூஜ்யத்துக்கு வந்ததும் சுவரில் கோடு போட்டாள். புருஷனைக் காணோம். வாசலில் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

வந்தவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "என்னண்ணே, வழக்கமா கூட நின்னு எண்ணுவீங்களே? சுத்து கித்து தப்பிடப் போகுது."

"யாரு, அவளா?" அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "காலேஜே தப்பா எண்ணுனத எண்ணிக் குடுத்துட்டு வந்தவய்யா. பேசாம டீ குடி."