முதல் வரியில் தலைவர்

வாழவந்தி நாட்டுப் பலா விவசாயிகள் சங்கத்தில் தலைவர் அண்ணாமலையின் பெயர் எழுதாத பொருள் பலாப்பழம் ஒன்றுதான். முள்ளில் பெயிண்ட் நிற்காது. மற்றபடி தராசு, தார்ப்பாய், தண்ணீர் டிரம் எல்லாவற்றிலும் 'பலாச்சுடர் அண்ணாமலை அவர்களின் நல்லாதரவுடன்' என்று இருக்கும். நோட்டீஸ் அடித்தாலும் முதலில் தலைவர், அப்புறம்தான் விஷயம். விஷயம் இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

சங்கத்தின் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்பவள் சுகுணா. யார் தோட்டத்தில் எத்தனை பழம், என்றைக்கு வெட்டியது என்பதையெல்லாம் டேட்டாபேஸில் ஏற்றி வைத்திருந்தாள். சேலத்தில் பழம் வாங்கும் கம்பெனி ஒன்றின் கம்ப்யூட்டர் தினமும் பதினொரு மணிக்கு அந்த விவரத்தைக் கேட்கும். சுகுணா எழுதிய ஸ்கிரிப்ட் அதை எடுத்து, ஜேசன் என்கிற வடிவத்தில் அடுக்கி அனுப்ப வேண்டும். பட்டியல் போய்ச் சேர்ந்தால் லாரி மலைப்பாதையின் எழுபது வளைவும் ஏறி வரும். சேராவிட்டால் அன்றைக்கு வேறு ஊருக்குப் போய்விடும்.

பட்டியல் அனுப்பத் தொடங்கும் நாளுக்கு முந்தின சாயங்காலம் தலைவர் பார்வையிட வந்தார்.

"ஏங்கண்ணு, எம்பேரு எங்கே?"

"இது மிஷினு படிக்கறதுங்க. ஆளுங்க பாக்கறது இல்லீங்க."

"மிஷினுக்கு மட்டும் தலைவர் யாருன்னு தெரிய வேண்டாமா?"

சுகுணா இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள். மூன்றாம் தரம் சலித்துப்போய், பட்டியலுக்கு மேலே ஒரு வரியைச் சேர்த்தாள். திரையில் பார்க்க ஜோராகத்தான் இருந்தது. தலைவர் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை, ஆபீஸ் வாசலில் சங்கத்து உறுப்பினர் பாவாயியின் நாற்பது பழம் குவிந்து கிடந்தது. வெட்டி மூன்று நாள் ஆகிவிட்டது. வாசனை ரோடு வரை வந்தது. பலாவில் வாசனை வந்தால் நாள் எண்ணத் தொடங்க வேண்டும்.

பத்தரைக்கு சேலத்துக் கம்பெனியிலிருந்து கௌசிகா போன் செய்தாள். சுகுணா ஸ்பீக்கரில் போட்டாள்.

"இப்பதான் ஒருக்கா சோதிச்சுப் பாத்தேனுங்க. பட்டியல் வரலை. ஏதோ வாழ்த்துச் செய்தி வந்திருக்கு."

"வாழ்த்து இல்லீங்க, அது நான்தான்" என்றார் தலைவர்.

"அதுதாங்க சிக்கல். முதல் எழுத்தே அடைப்புக்குறியா இருக்கணும். வேற எது வந்தாலும் எங்க சிஸ்டம் அத்தோட நிறுத்திக்கும்."

"அதைக் கொஞ்சம் அனுசரிச்சுப் போகச் சொல்லுங்க."

"அது அனுசரிக்காதுங்க."

கலெக்டரே அனுசரித்துப் போன மனிதர் அவர். அப்படித்தான் சொல்லிக்கொள்வார். ஒரு பெட்டி முடியாது என்றதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"கடைசியில போட்டுக்கலாமா?" என்றார், பெரிய மனது பண்ணி.

"அடைப்பு மூடினதுக்கப்பறம் ஒண்ணும் வரக்கூடாதுங்க."

வாசலில் நின்ற பாவாயி உள்ளே எட்டிப் பார்த்தாள். "ஏனுங்கண்ணா, உங்க பேரை ஒரு வருசம் வெச்சிருந்தாலும் கெட்டுப்போகாதுங்க. எம்பழம் நாளைக்கு வெடிச்சிரும்."

தலைவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். அதன் முகப்பிலும் அவர் பெயர்தான் இருந்தது. அதற்குக் கீழே மணி பத்து ஐம்பது.

சுகுணாவுக்கு ஒன்று தோன்றியது. "தலைவருங்களே, அடைப்புக்கு உள்ளயே வெச்சிரட்டுங்களா? 'தலைவர்'னு தலைப்புப் போட்டு, எல்லாத்துக்கும் முதல்ல?"

"முதல்லயா?"

"முதல்லதானுங்க."

"அந்த மிஷினு படிக்குமா?"

"போய்ச் சேருமுங்க."

படிப்பதற்கும் போய்ச் சேருவதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று தலைவர் அளந்து பார்க்கவில்லை. கம்பெனியின் கம்ப்யூட்டர் தனக்குத் தெரிந்த தலைப்புகளை மட்டும் எடுத்துக்கொள்ளும், மற்றதைச் சீந்தாது. சுகுணாவும் அதைச் சொல்லவில்லை. வெளியே இருந்த வரியை உள்ளே இழுத்துப் போட்டாள். மணி பத்து ஐம்பத்தெட்டு. பதினொன்றுக்கு மேல் ஒரு நிமிடம் ஆனதும் கௌசிகாவிடமிருந்து செய்தி வந்தது: 'பட்டியல் கிடைத்தது. லாரி புறப்படுகிறது.'

"பாத்தியா, எம்பேரு போனதும் லாரி கெளம்பிருச்சு" என்றார் தலைவர்.

நாலு மணிக்கு லாரி வந்தது. தலைவர் பட்டுத் துண்டு போட்டு வாசலில் நின்றிருந்தார். டிரைவர் கையில் கம்பெனி அச்சடித்துக் கொடுத்த சீட்டு.

"மேலே முதல்ல ஒரு பேரு இருக்கும் பாருப்பா" என்றார் தலைவர்.

"முதல்ல பாவாயிங்க. நாப்பது பழம்."

"அதுக்கும் மேலே?"

"அதுக்கு மேலே தேதிதாங்க." டிரைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "நீங்க பாவாயியம்மா ஊட்டுக்காரருங்களா? அந்தப் பக்கம் ஒரு கை புடிங்க, இருட்டறதுக்குள்ள மலை எறங்கோணும்."

நான் அவரில்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் ஒரு பழம் அவர் கைக்கு வந்துவிட்டது. அப்புறம் இன்னொன்று. நாற்பதும் ஏறி லாரி கிளம்பியபோது, பட்டுத் துண்டு முழுக்கப் பலாப்பால் ஒட்டியிருந்தது.

"தேங்காயெண்ணெய் போட்டுத் தேச்சா போயிருமுங்கண்ணா" என்றாள் பாவாயி. "ஊட்டுக்கு வாங்க, தாரேன்."