ஐந்தாம் நம்பர் பாட்டிலின் நான்காம் நாள்

எங்கள் உணவகத்துக்குக் கீழே ஒரு நிலவறை இருக்கிறது. அங்கே வருடத்துக்கு ஒரு ரேக் என்று, ஒரே வகைச் சிவப்பு ஒயினை நிரப்பிவைப்போம். எட்டு வருடம் கழித்துத்தான் திறப்போம். அது எந்த ஒயின் என்று தேர்ந்தெடுப்பது என் வேலை. பன்னிரண்டு வருடமாக நான்தான் செய்கிறேன். இந்த வருடம் போட்டிக்கு மாப்பிள்ளை வந்து நின்றார்.

மாப்பிள்ளை என்றால் என் நாத்தனாரின் கணவர். நான் அண்ணா என்று கூப்பிடுவேன், மரியாதைக்குத்தான். இந்த வீட்டில் மருமகள் பன்னிரண்டு வருடம் உழைத்தால் அது கடமை. மாப்பிள்ளை ஆறு வாரம் வகுப்புக்குப் போய்வந்தால் அது படிப்பு. வகுப்பிலிருந்து திரும்பியதும் எந்த கிளாஸை நீட்டினாலும் அதில் ஈரமண் வாசனை வருகிறது என்றார். சமையலறையில் அவருக்கு ஈரமண் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயரை ஆரம்பித்தது நான்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சும்மா ஒன்றும் அவர் வந்துவிடவில்லை. நான் தேர்ந்தெடுத்த முதல் மூன்று ஒயினும் என் மானத்தைக் காப்பாற்றின. நான்காவதை இந்த வருட ஆரம்பத்தில் திறந்தோம். விருந்தாளி ஒரு வாய் குடித்தார், கிளாஸைத் தள்ளி வைத்தார், தண்ணீர் கேட்டார். அன்றைக்கு நான் ஏசியைக் காரணம் சொன்னேன். இரண்டு கோடைக்கு முன் நிலவறை ஏசி மூன்று நாள் ஓடாமல் கிடந்தது உண்மைதான். மெக்கானிக்கைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் பாவம், பழைய மோட்டாரைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்.

என் மாமனாருக்கு அந்தச் சமாதானம் பாதிதான் இறங்கியது.

"இந்தத் தடவை ரெண்டு பேரும் ருசி பாருங்க. யார் சொல்றது நிக்குதோ, இனிமே அவங்களே இதைப் பார்த்துக்கட்டும்" என்றார்.

மாமா அதிகம் பேசமாட்டார், பேசினால் மாற்றமாட்டார். பன்னிரண்டு வருட வேலை ஒரு வாயில் போய்விடும் என்று எனக்குப் புரிந்தது. விடக் கூடாது என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தேன்.

முதல் நாள் காலை பத்து மணி. அடுப்பு பற்றவைக்கும் முன்பே நிலவறையில் உட்கார்ந்தோம், மேலே எதையாவது வதக்க ஆரம்பித்துவிட்டால் மூக்கு வேறு வேலைக்குப் போய்விடும். தேர்வுக்கு வந்த ஐந்து பாட்டில்களையும் மாமா ஆள் வைத்துக் காகிதத்தில் சுற்றி நம்பர் போடவைத்திருந்தார். மேசையில் வெள்ளைத் துணி, பக்கத்தில் துப்புவதற்கு வாளி.

மாப்பிள்ளை மூன்றாம் நம்பரிலேயே நின்றுவிட்டார். "செர்ரி. கொஞ்சம் புகையிலை. கடைசில மழை பெஞ்ச மண்ணு" என்றார் கண்ணை மூடிக்கொண்டு. மாமாவுக்கும் மூன்றுதான் பிடித்தது. எனக்கும் பிடித்தது, அதனால்தான் வேண்டாம் என்றேன். இன்றைக்கே இப்படிக் கொஞ்சுகிற ஒயின் எட்டு வருடம் தாங்காது.

நான் கை காட்டியது ஐந்து. பிஞ்சு வாழைக்காயைக் கடித்தால் வாய் இழுத்துக்கொள்ளுமே, அப்படி ஒரு துவர்ப்பு. சிவப்பு ஒயினைக் கெடாமல் பிடித்துவைப்பதில் இந்தத் துவர்ப்புக்குப் பெரிய பங்கு உண்டு. இளசில் கரடுமுரடாக இருக்கும், வருடங்கள் போகப் போக மெத்தென்று ஆகிவிடும். என் தொழிலே இந்த நம்பிக்கையில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

மாமா முகத்தைச் சுளித்தார். "இதை யாரும்மா குடிப்பா?"

"இன்னைக்கு யாரும் குடிக்க வேணாம் மாமா. எட்டு வருஷம் கழிச்சுக் குடிக்கத்தானே வாங்கறோம்."

"எட்டு வருஷம் கழிச்சும் இப்படியே இருந்தா?" என்று மாப்பிள்ளை சிரித்தார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "அப்போ நாலு நாள் குடுங்க மாமா. பாட்டிலைத் திறந்தபடியே வெச்சிருப்போம். தினமும் பத்து மணிக்கு ஒரு வாய். நாலாம் நாள் எது நிக்குதோ அதை வாங்குவோம்" என்றேன். இது ஒயின்காரர்கள் பலரும் செய்கிற சோதனைதான். திறந்த பாட்டிலில் காற்று புகுந்து ஒயினை வேகமாகக் கிழடாக்கும். நான்கு நாள் காற்றைத் தாங்குகிற ஒயின் மூடிய பாட்டிலில் பல வருடம் தாங்கும் என்று நம்பலாம். மாமா சம்மதித்தார்.

இரண்டாம் நாள் மூன்றாம் நம்பருக்குக் களைப்புத் தட்டியது. மூன்றாம் நாள் அது கெட்டுப்போன ஜாம் போல நாறியது. மாப்பிள்ளை கிளாஸுக்குள் மூக்கை விட்டு வெகுநேரம் தேடினார், ஒரு பழத்தின் பெயரும் வெளியே வரவில்லை. மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சந்தோஷத்தோடுதான் ஐந்தாம் நம்பரை வாயில் ஊற்றினேன். துவர்ப்பு கொஞ்சம் இறங்கியிருந்தது. அதற்கு அடியில் பழத்தின் ருசி இருக்கும் என்று தேடினேன். இல்லை. நாக்கு செத்துப்போச்சோ என்று பயந்து, வாயைக் கொப்பளித்து, வெறும் ரொட்டித் துண்டைத் தின்று, மறுபடி குடித்தேன். அதே வெறுமை. துவர்ப்பு மட்டும் காவல் நிற்கிறது, உள்ளே காக்க ஒன்றுமில்லை.

அதைவிட மோசமானது என்னவென்றால், அந்த ருசி எனக்குத் தெரிந்த ருசி. வருட ஆரம்பத்தில் விருந்தாளி தள்ளி வைத்த கிளாஸில் இருந்ததும் இதேதான். ஏசியும் இல்லை, மெக்கானிக்கும் இல்லை. அன்றைக்கும் நான் துவர்ப்பைப் பார்த்து மயங்கி, பழத்தைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன். சமையலறைப் பக்கம் போய் நின்றேன்.

என் வீட்டுக்காரர்தான் அங்கே தலைமைச் சமையல்காரர். சொன்னேன். அவர் கத்தியைக் கீழே வைக்காமலேயே, "அப்பா உன் பக்கம் சாஞ்சாச்சு. நீ சும்மா இருந்தாலே போதும். எட்டு வருஷம் கழிச்சு யாருக்கு என்ன ஞாபகம் இருக்கும்?" என்றார்.

"எனக்கு இருக்கும்."

"அப்புறம் உன் இஷ்டம். என்னை நடுவுல இழுக்காத" என்று சொல்லிவிட்டு வெட்டுவதைத் தொடர்ந்தார். கோபம் வந்தாலும் அவர் சொன்னதில் எனக்கும் ஆசை இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அன்று முழுக்க அந்த ஆசையோடுதான் சுற்றினேன்.

நான்காம் நாள் ஒன்பது மணிக்கே போய் ஐந்து பாட்டிலையும் வரிசையாக ருசித்தேன். ஒன்றும் நான்கும் எப்போதோ போய்விட்டன. இரண்டாம் நம்பர் மட்டும் என்னை உட்காரவைத்தது. முதல் நாள் அதைப் பற்றி நான் எழுதியிருந்தது "பரவாயில்லை" என்ற ஒற்றை வார்த்தை. துவர்ப்பு அளவோடு, புளிப்பு நிமிர்ந்து, பழம் முதல் நாளைவிடத் தெளிவாக இருந்தது. அது யாரிடமும் பாராட்டும் வாங்கவில்லை, திட்டும் வாங்கவில்லை. மூன்றாம் நம்பரும் ஐந்தாம் நம்பரும் போட்ட சண்டையில் நாங்கள் அதைக் கவனிக்கவே இல்லை.

பத்து மணிக்கு மாமா வந்தார். உட்காரக்கூட இல்லை. "மூணு போச்சு. நீ சொன்னதுதான் சரி. அஞ்சையே வாங்கிடலாம்" என்றார். மாப்பிள்ளை தலைகுனிந்துகொண்டார்.

"அஞ்சும் போச்சு மாமா" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்கத் தைரியம் வராது. "துவர்ப்பு இருந்தா நிக்கும்னு நினைச்சேன். அது பிடிச்சுக்க உள்ள பழம் வேணும், இதுல இல்ல. வருஷ ஆரம்பத்துல கெட்டதும் இதனாலதான். ஏசி மேல பழி போட்டது தப்பு. ரெண்டாம் நம்பரைக் குடிச்சுப் பாருங்க."

மாமா குடித்தார். மாப்பிள்ளையும் குடித்தார். அவர் கிளாஸை இன்னொரு தடவை முகர்ந்துவிட்டு, "என்ன வாசனைன்னு சொல்லத் தெரியல. நல்லா இருக்கு" என்றார். அவர் பேசி எனக்குப் புரிந்தது அதுதான் முதல் தடவை.

மாமா மெதுவாக உட்கார்ந்தார். "அப்போ ரெண்டு பேருமே தப்பு. இனிமே ரெண்டு பேரும் சேர்ந்து பாருங்க. அதான் நல்லது."

"வேணாம் மாமா. ரெண்டு பேர் சேர்ந்தா ரெண்டு பேருக்கும் பிடிச்சதைத்தான் எடுப்போம். அது இன்னைக்குக் குடிக்கிற ஒயினாத்தான் இருக்கும். ஒருத்தர்தான் எடுக்கணும். அண்ணான்னா அண்ணா, நான்னா நான். நீங்களே சொல்லுங்க."

"தப்புன்னு நீயே சொல்லிட்டு, எந்தத் தைரியத்துல கேக்கற?"

"அந்தத் தப்பைக் கண்டுபிடிச்சது யாரு மாமா?"

மேலே அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டது. மாமா இரண்டாம் நம்பரை இன்னொரு வாய் குடித்தார், வாளியில் துப்பாமல் விழுங்கினார்.

"மாப்பிள்ளை, அந்தக் காகிதத்தைப் பிரிச்சு இது எந்த ஒயின்னு பாருங்க" என்றவர் என் பக்கம் திரும்பினார். "எத்தனை பெட்டி ஆர்டர் சொல்லட்டும்மா?"