திறந்தவரின் பெயர்

எங்கள் கடையில் மின்னஞ்சல் திறந்துகொண்ட எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல்தான். கடையின் பெயர், அதற்குப் பின்னால் ஒன்று இரண்டு மூன்று. கடவுச்சீட்டுக்கு, விசாவுக்கு, கம்பஸ் விண்ணப்பத்துக்கு என்று சண்டிலிப்பாயில் ஈமெயில் தேவைப்பட்ட அத்தனை பேரும் அப்பாவின் கொம்யூனிகேசன் கடைக்குத்தான் வந்தார்கள். அப்பா திறந்து கொடுப்பார், கொப்பியில் பெயரையும் ஈமெயிலையும் எழுதுவார், மறந்தால் என்னிடம் வாருங்கள் என்று சிரித்து அனுப்புவார். நானூற்றுச் சொச்சம் பேர். கணினிப் பாதுகாப்புப் படித்த நாலு வருசமும் அந்தக் கொப்பியை எரியுங்கோ, எரியுங்கோ என்று தொண்டை கிழியக் கத்தினேன். செவிடன் காதில் ஊதிய சங்கு. எனக்கு எல்லா இடத்திலும் கள்ளன்தான் தெரியும் என்று அப்பா வருகிற ஆட்களிடமெல்லாம் என்னைப் பகிடி பண்ணினார்.

எனக்குக் கோபம் கூடுதல். அது ஊருக்கே தெரியும். கஜந்தினிக்கு மூக்கு நுனியில் கோபம் என்று சின்ன வயதிலிருந்து சொல்கிறார்கள். கோபப்படும்படி ஏன் நடக்கிறீர்கள் என்று ஒருவரும் தங்களைக் கேட்டுப் பார்த்ததில்லை.

படித்து முடித்த கையோடு கொழும்பில் ஒரு நிறுவனம் வேலை தந்தது. எந்தப் பிரிவில் சேர்கிறேன் என்று ஞாயிறு மாலைக்குள் நான் தெரிவுசெய்து அனுப்பவேண்டும். நாலு பிரிவு. வாடிக்கையாளரின் சம்மதத்தோடு அவர்களின் கணினிகளை உடைத்து, ஓட்டை எங்கே என்று காட்டுகிற அணி ஒன்று. திரைகளுக்கு முன்னால் இருந்து எவன் உள்ளே வருகிறான் என்று காவல் பார்ப்பது இன்னொன்று. எல்லாம் நடந்து முடிந்த பிறகு போய், யார் எத்தனை மணிக்கு என்ன செய்தார் என்று தடயம் எடுத்து அறிக்கை எழுதுவது மூன்றாவது. விதிமுறை எழுதி, அதன்படி நடக்கிறார்களா என்று பரிசோதிப்பது நாலாவது.

வேலைக்குப் போகப்போவது நான். அபிப்பிராயம் மட்டும் எல்லாருக்கும் இருந்தது. ரொறன்ரோவிலிருந்து சித்தப்பா அழைத்து, உடைக்கிற அணிக்குத்தான் மதிப்பு, மற்றதெல்லாம் எழுத்தர் வேலை என்றார். அவர் அங்கே பாண் பேக்கரியில் நிற்கிறார். அம்மா குணலட்சுமிக்கு விதிமுறை எழுதுவதுதான் பிடித்தது. எட்டுக்குப் போய் நாலுக்கு வரலாம், மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்லவும் நல்லாய் இருக்குமாம். அப்பா காவல் பார்க்கச் சொன்னார். மூன்றாவதை ஒருவரும் வாயில் எடுக்கவில்லை. அது செத்தவீட்டுக்குப் பிறகு போகிற வேலை என்றாள் அம்மா. நானும் உடைக்கிற அணி என்றுதான் இருந்தேன். பரீட்சையில் அதில் நான்தான் முதலாவது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வினோஜாவின் அண்ணன் வாகீசன் என்னைக் கூட்டிவரச் சொல்லி ஆள் அனுப்பினார். வினோஜா எங்கள் ஒழுங்கையின் மற்றத் தொங்கலில், கடைசி வீட்டில் இருக்கிறவள். என்னைவிட இரண்டு வயது இளையவள். கம்பஸில் புவியியல், கடைசி வருசம். தகப்பன் இல்லாத வீடு, அண்ணன் வைத்ததுதான் சட்டம்.

நடந்தது எனக்கு ஏற்கெனவே தெரியும். ஊரில் யாருக்குத்தான் தெரியாது? வினோஜாவுக்கு லண்டன் மாப்பிள்ளை ஒன்று பேசியிருந்தார்கள். புதன்கிழமை சம்பந்தம் முறிந்தது. முறிந்த காரணம் ஒரு படமாக எல்லாருடைய போனிலும் ஓடித் திரிந்தது. படத்தில் வினோஜாவும் ஒரு பெடியனும். பின்னால் தண்ணீர். பெடியன் அவளுடைய தோள் பக்கம் சாய்ந்துகொண்டு நிற்கிறான். குருநகர்ப் பெடியன், பெயர் ஜெனிஸ்ரன் என்பது வரைக்கும் கண்டுபிடித்துவிட்டார்கள். வேதக்காரப் பெடியன், கிறிஸ்தவன் என்றதும் சனத்துக்கு இன்னும் இனித்தது. அவளே முகநூலில் போட்டிருப்பாள், பெட்டைக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை என்று கதை கட்டியாயிற்று. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை.

வாகீசன் கதிரையில் இருந்தபடி சொன்னார். திங்கட்கிழமை அவளுக்குக் கடைசி வருசச் சோதனை தொடங்குகிறது. அவள் போகப்போவதில்லை. போன் தன்னிடம் இருக்கிறது. இவள் அந்தப் பெடியனோடு தனியாய்ப் போனதில்லை, படத்தை இவள் அனுப்பவில்லை என்று நான் ஞாயிற்றுக்கிழமைக்குள் காட்டினால் யோசிப்பாராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பிள்ளையின் நாலு வருசப் படிப்பை இவர் கதிரையில் இருந்து யோசிப்பாராம்.

வினோஜா அறைக்குள் இருந்தாள். அழுது முடித்த முகம். தொண்டைமானாற்றுக்கு வகுப்போடு போய் உப்புத்தண்ணீர் அளந்த நாள் அது என்றாள். அந்தப் படம் தன்னுடைய போனில் மட்டும்தான் இருந்தது, ஒருவருக்கும் கொடுக்கவில்லை என்றாள். அண்ணன் போனைப் பறித்தவுடன் அதிலிருந்த படமெல்லாவற்றையும் அழித்துவிட்டாராம். போனில் எடுக்கிற படமெல்லாம் ஈமெயில் கணக்கில் தானாகச் சேமிக்கப்படும். ஆகவே அதன் கடவுச்சொல்லைக் கேட்டேன்.

சொன்னாள். கடையின் பெயர், ஒன்று இரண்டு மூன்று.

ஏலெவல் முடித்துக் கம்பஸுக்கு விண்ணப்பித்தபோது அப்பா திறந்து கொடுத்த கணக்கு. அவள் மாற்றவே இல்லை. ஒழுங்கைத் தொங்கலில் இருக்கிற நானும் ஒரு நாள் மாற்றடி என்று சொன்னதில்லை. கொழும்பில் கண்டவனுடைய ஓட்டையெல்லாம் காட்டப் புறப்பட்ட பெரிய மனுசி நான்.

கணக்கைத் திறந்தேன். போனில் அழித்தது இங்கேயும் அழிந்திருந்தது. யார் யார் நுழைந்தார்கள் என்ற பட்டியலைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பத்திரண்டு. புதிய இடத்திலிருந்து நுழைந்தால் போனுக்கு எச்சரிக்கை வந்திருக்கும். வரவில்லை. ஏனென்றால் அந்தக் கணக்கு பிறந்ததே அந்த இடத்தில்தான். எங்கள் கடை.

வாடிக்கையாளர் இருக்கிற கணினிகளில் எவனோ கொப்பியை எட்டிப் பார்த்துத் திறந்திருக்கிறான் என்றுதான் நினைத்தேன். எவன் என்று தெரிந்தால் அவனை நாறடிக்கிறது என்று இரவு முழுக்கப் பல்லைக் கடித்தேன். சனிக்கிழமை கடை திறந்தவுடன் போனேன். எதையும் தொடுவதற்கு முன்னால் எல்லாக் கணினிகளின் வட்டுகளையும் அப்படியே பிரதி எடுத்தேன். தடயப் பாடத்தில் முதல் வகுப்பில் சொல்லித் தருவது அது. பிறகு பிரதிகளில் தேடினேன். வாடிக்கையாளரின் மூன்று கணினிகளிலும் ஒன்றுமில்லை. நாலாவது அப்பாவின் மேசையில் இருப்பது.

எல்லாம் அதில்தான் இருந்தது. பத்து நாற்பத்திரண்டுக்குத் திறந்தது. நாற்பத்தேழுக்குப் படத்தை இறக்கியது. நாற்பத்தொன்பதுக்கு வெட்டியது. ஐம்பத்தொன்றுக்குக் கலரில் இரண்டு பிரதி அச்சடித்தது. ஐம்பத்துமூன்றுக்குக் கடையின் வைபரிலிருந்து ஒரு நம்பருக்கு அனுப்பியது. வெட்டாத படமும் அங்கேயே கிடந்தது. அதில் பத்தொன்பது பேரும் ஒரு விரிவுரையாளரும் நின்றார்கள். ஜெனிஸ்ரன் சாய்ந்து நின்றது அளவுநாடாவைப் பிடிக்க. நாடாவின் மற்ற நுனி இன்னொரு பெட்டையின் கையில் இருந்தது.

அப்பா சாம்பிராணி காட்டிக்கொண்டு நின்றார். செவ்வாய்க்கிழமை பத்து நாற்பத்திரண்டுக்கு இந்த மேசையில் இருந்தது ஆர் என்று கேட்டேன். அவர் ஒளிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் தாங்கமுடியாமல் போனது. மாப்பிள்ளையின் பெரியதாய் இரத்தினம்மா மானிப்பாயிலிருந்து ஓட்டோவில் வந்தாவாம். பெண்ணைப் பற்றி ஊரில் விசாரிக்க வந்தவ, நேரே அப்பாவிடம் வந்தாவாம். அதைச் சொல்லும்போதுகூட அப்பாவின் முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

"பிள்ளை தங்கம், வேணுமெண்டால் நீங்களே பாருங்கோ எண்டு திறந்து காட்டினனான். நல்லதுக்குத்தானே செய்தனான்" என்றார்.

நல்லதுக்கு. சம்பந்தம் பேசினால் அயலட்டையில் நாலு பேரிடம் விசாரிப்பது வழக்கம்தான். பெட்டை எப்படி, தாய் எப்படி என்று கேட்பார்கள், கேட்கப்பட்டவர் நல்ல சொல் சொல்லி அனுப்புவார். இவர் சொல்லோடு நிற்கவில்லை. அவளுடைய அலுமாரியைத் திறந்து உடுப்பை அள்ளிக் காட்டினதுபோல் காட்டியிருக்கிறார். இரத்தினம்மா படங்களைத் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறா. ஒன்றில் நிறுத்தி, அந்தப் பெடியனின் முகத்தைப் பெரிதாக்கச் சொல்லியிருக்கிறா. மற்ற ஆட்களை வெட்டிவிடச் சொன்னாவாம். வெட்டினாராம். பிறிண்ட் கேட்டாவாம். கொடுத்தாராம். தன் போனுக்கும் அனுப்பச் சொன்னாவாம், அனுப்பினாராம். வந்த ஆள் கேட்டதைச் செய்து கொடுப்பதுதானே கடை.

நான் கத்தினதில் றோட்டால் போன ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாலு வருசமாய்ச் சொன்னேனே, சொன்னேனே என்று மேசையில் அடித்தேன். அந்தப் பிள்ளை அறைக்குள் கிடக்கிறாள், திங்கட்கிழமை சோதனை, ஊர் முழுக்க அவளை நாறடிக்குது, நீங்கள் சாம்பிராணி காட்டுகிறீர்கள் என்றேன். அப்பாவுக்கும் கோபம் வந்தது.

"உன்ரை ஈமெயிலை ஒருநாளும் திறக்கேலாமல் கிடந்தது. உன்னை விசாரிக்க வந்தவைக்கு ஒண்டும் காட்ட ஏலாமல் வெக்கப்பட்டு நிண்டனான். அதாலைதான் உனக்கு ஒண்டும் சரிவரேல்லை."

சிரிப்பதா, கணினியைத் தூக்கி எறிவதா என்று தெரியவில்லை. பெற்ற மகளின் பெட்டியைத் திறக்கவும் முயன்றிருக்கிறார், திறக்காததற்கு என்மேல் குற்றமும் சொல்கிறார். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால்.

சத்தம் கேட்டு அம்மா வீட்டிலிருந்து ஓடிவந்தாள். நான் அறிக்கை எழுதத் தொடங்கியிருந்தேன். பத்தொன்பது பேர் நிற்கிற படத்தைக் காட்டினால் போதும், பெட்டை தப்பிவிடுவாள் என்றாள் அம்மா. வெட்டினது யாரோ என்று எழுதச் சொன்னாள். இந்த ஊரில் அப்பாவை நம்பி நானூறு பேர் வந்திருக்கிறார்கள், அந்தப் பெயர் கெட்டால் கடையும் இல்லை, எனக்கு மாப்பிள்ளையும் இல்லை என்றாள். அப்பா சாம்பிராணித் தட்டைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாக, "யாரோ எண்டு எழுதன், பிள்ளை" என்றார்.

அந்த நேரம்தான் நான் கொழும்பு நிறுவனத்தின் பக்கத்தைத் திறந்து மூன்றாவது பெட்டியில் புள்ளி போட்டு அனுப்பினேன். தடயமும் அறிக்கையும். நான் முதலாவதாய் வந்தது உடைப்பதில். இங்கே எதை உடைக்க? எல்லாம் திறந்துதான் கிடக்கிறது. சிரித்த முகத்தோடு திறந்து காட்டுகிறார்கள், காட்டிவிட்டு யாரோ என்று எழுது என்கிறார்கள். இவர்களுக்கு நடுவில் ஒருத்தியாவது, யார், எத்தனை மணிக்கு, என்ன செய்தார் என்று எழுதட்டும். "ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு" என்றாள் அம்மா. நான் அறிக்கையை முடித்து, அப்பா பார்த்துக்கொண்டு நிற்க, அவருடைய பிறிண்டரிலேயே அச்சடித்தேன். திறந்தவர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர், இராசநாயகம் என்று இருந்தது. வெட்டியவர் என்ற இடத்திலும் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை வாகீசனிடம் இரண்டு படத்தையும் தாளையும் கொடுத்தேன். அவர் பெரிய படத்தில் விரலை வைத்துத் தலைகளை எண்ணினார். திரும்பவும் எண்ணினார். பிறகு தாளை வாசித்தார். அப்பாவின் பெயர் வந்த இடத்தில் என்னை நிமிர்ந்து பார்த்தார். மனுசன் அப்பாவைத் திட்டுவார், நானும் கேட்டுக்கொண்டு நிற்கவேண்டும் என்று தயாராகத்தான் போயிருந்தேன்.

ஐயா வயதானவர், நல்லதென்று நினைத்துத் தெரியாமல் செய்துவிட்டார், அதைப் பெரிதாக்க வேண்டாம் என்றார் வாகீசன். இவள் நாளைக்குச் சோதனைக்குப் போகட்டும், எல்லாம் முடிந்துவிட்டது என்றார். தாளை நாலாய் மடிக்கத் தொடங்கினார். அப்பாவை மன்னிக்க அவருக்கு ஒரு நிமிடம் போதுமாயிருந்தது. ஒரு குற்றமும் செய்யாத தங்கச்சியை நாலு நாள் அடைத்து வைத்ததற்கு அந்தப் பக்கம் திரும்பி ஒரு சொல் சொல்லவில்லை. அதை முகத்துக்கு நேரே சொன்னேன். எங்களுக்குள் இருக்கிறதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்.

வினோஜா அறையிலிருந்து வந்தாள். அண்ணனின் கையிலிருந்து தாளை வாங்கினாள். வாங்கினாள் என்பது சரியில்லை, பறித்தாள். நின்றபடியே முழுவதையும் வாசித்தாள். அவள் என்மேல் விழுந்து அழுவாள் என்று ஒரு நினைப்பு எனக்குள் இருந்திருக்கவேண்டும். அவள் தாளை மேசையில் விரித்து, அடியைக் காட்டினாள்.

"இதிலை கையெழுத்து இல்லை, அக்கா."

எதற்கு என்று கேட்டேன்.

"நாளைக்குச் சோதினை முடிய நேரே பொலிசுக்குப் போறன். இரத்தினம்மாவிலையும் வழக்குப் போடுவன், உங்கடை அப்பாவிலையும் போடுவன். கையெழுத்தில்லாத தாளை ஆர் எடுப்பினம்?"

வாகீசன் எழும்பிக் கத்தினார். பொலிஸ், கோர்ட் என்று போனால் யார் உன்னைக் கட்டுவான் என்றார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தாள். பேனையை நீட்டினாள். நீட்டியபடியே நின்றாள்.

பேனைக்குள் ஒரு சொட்டுக் கோபம்கூட எனக்குக் கிடைக்கவில்லை. முதல்நாள் கடையில் நின்று கத்தினபோது எவ்வளவு சுகமாய் இருந்தது. அப்பா பொலிஸ் நிலையத்து வாங்குப் பலகையில் இருப்பது கண்ணுக்குள் தெரிந்தது. சேட்டின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, அங்கேயும் நல்லதுக்குத்தான் செய்தேன் என்று யாரோ ஒருவனுக்கு விளங்கப்படுத்துவார். நான் தேர்ந்தெடுத்த வேலை இதுதான். இப்படித்தான் ஒவ்வொரு தாளின் அடியிலும் இருக்கும்.

கையெழுத்துப் போட்டேன்.

"கீழை முழுப்பேரும் எழுதுங்கோ" என்றாள் வினோஜா.

எழுதினேன். இராசநாயகம் கஜந்தினி.