அப்படி ஒருவர் இங்கே இல்லை

மத்தியானம் ஒரு மணியிலிருந்து அன்புராசா டெலிபோனைக் காவல் காத்துக்கொண்டிருந்தார். ஸ்காபரோவில் பதினான்காம் மாடி அப்பார்ட்மென்ற். சோபாவின் ஒரு முனையில் அவர், மறுமுனையில் மகள் அருள்மலர், நடுவில் போன். மனைவி சந்திரவதனா குசினிக்கும் ஹோலுக்குமாக நடந்து நிலத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அமெரிக்காவில் பெண்கள் சம்பளத்துக்கு ஆடும் புதிய பாஸ்கற்போல் லீக் ஒன்றின் டிராஃப்ட் அன்றைக்கு. அணிகள் முறை வைத்து, பேர் சொல்லி, ஒவ்வொரு பெண்ணாக எடுக்கும். மொத்தம் நாலு சுற்று. பஃபலோவில் நாலு வருசம் ஆடி, ஆறடியும் ஒரு அங்குலமுமாக வளர்ந்து மார்ச்சில் வீடு திரும்பிய அருள்மலரை மூன்றாம் சுற்றில் ஒரு அணி நிச்சயம் எடுக்கும் என்று அவளுடைய கோச் அடித்துச் சொல்லியிருந்தாள். எடுத்தால் போன் வரும். கனடா வந்து பந்தைத் தொட்ட நாளிலிருந்து அருள்மலர் ஆசைப்பட்டது இது ஒன்றுக்குத்தான்.

போன் வராது என்று அன்புராசாவுக்கு உள்ளுக்குள் பட்டது. அதைக் கெடுத்தவன் யாரென்பதிலும் அவருக்குச் சந்தேகமே இல்லை.

மூன்று கிழமைகளாக ஒரு வெள்ளைக்காரப் பொம்பிளை பகலில் போன் எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து படுத்திருக்கும் நேரம். மகள் ஜிம்முக்குப் போயிருக்கும் நேரம். காலர் ஐடி பெட்டியில் நம்பர் விழாது. அருள்மலர் இருக்கிறாளா, எந்த நாட்டுப் பாஸ்போட் வைத்திருக்கிறாள் என்று குரல் கேட்கும். பாஸ்போட் என்றதுமே, இமிகிரேஷன்காரர்தான் என்று அவருடைய நித்திரை பறந்துவிட்டது. ஒன்பது வருசத்துக்கு முன் மகள் டொரண்டோவில் வந்திறங்கியது ஏஜென்சிக்காரன் கொடுத்த வேறு யாரோ பிள்ளையின் பாஸ்போட்டில். அதை ஏர்போட்டிலேயே ஒப்புக்கொண்டு, அகதிக் கேஸ் வென்று, சிற்றிசனும் ஆகியாயிற்று. கடதாசியெல்லாம் சுத்தம், பயம் மட்டும் போகவில்லை. தெரியாத குரல் இங்கிலீசில் பேர் சொல்லிக் கேட்டால் என்ன பதில் சொல்வது என்பது அந்தக் கட்டிடத்தில் வீட்டுக்கு வீடு மனப்பாடம். “நோ சச் பேர்சன்” என்று சொல்லி வைத்துவிட்டார். இரண்டாம் தரமும் அதேதான். மூன்றாம் தரம், இதோடு தொல்லை ஒழியட்டுமென்று, அவள் சிறிலங்காவுக்கே திரும்பிப் போய்விட்டாள் என்று ஒரே போடாகப் போட்டார். பிள்ளையின் மனதைக் குழப்பக்கூடாதென்று வீட்டில் இதைப்பற்றி மூச்சுக்கூட விடவில்லை.

யாரோ பெட்டிசம் போட்டிருக்கிறார்கள். எங்கள் சனம் கடல் கடந்தும் கைவிடாத பழக்கம் அது. ஒருத்தர் தலையெடுத்தால் போதும், கையெழுத்தில்லாத கடிதம் ஒன்று உரிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அன்புராசாவின் கணக்கில் எழுதியவன் ஒன்பதாம் மாடி பஸ்ரியன். அதே ஏஜென்சியில் வந்தவன், பாஸ்போட் கதை தெரிந்தவன். அவனுடைய மகளைப் பள்ளிக்கூட ரீமிலிருந்து நிறுத்திய வருசம்தான் அருள்மலர் கப்டன் ஆனாள். அருள்மலரை மூன்று வருசம் மச்சுகளுக்குத் தன் வான் வண்டியில் ஏற்றி இறக்கியவனும் அவன்தான். அன்றைக்கு அது உதவியாகத் தெரிந்தது. இன்றைக்கு அதுவும் வேவு பார்த்ததாகவே தெரிந்தது. போதாதற்குப் போன கிழமை லிஃப்டில், “அண்ணை, பிள்ளையின்ரை பாஸ்போட் எல்லாம் சரிதானே?” என்று கேட்டானே! அன்புராசா ஐந்தாம் மாடியிலேயே இறங்கி மிச்சம் ஒன்பது மாடியையும் படியால் ஏறினார்.

இன்று காலையிலும் அந்தப் பெட்டியில் மூன்று தரம் பஸ்ரியனின் செல்போன் நம்பர் விழுந்தது.

“பஸ்ரியன் அங்கிள்தான். எடுக்கட்டே?” என்றாள் அருள்மலர்.

“விடு பிள்ளை. லைன் ஃப்ரீயா இருக்கவேணும்.”

நாலரை மணியாயிற்று. அருள்மலர் சப்பாத்தின் கயிற்றை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள். “முடிஞ்சிருக்கும்” என்றாள் கடைசியில். அந்தக் குரலை அன்புராசாவால் தாங்க முடியவில்லை.

“உது பஸ்ரியன்ரை வேலை” என்று எழும்பினார்.

“இஞ்சேருங்கோ, சண்டைக்குப் போகாதேங்கோ” என்று சந்திரவதனா சொல்வதற்குள் கதவைத் தாண்டிவிட்டார்.

பஸ்ரியன் வேலை ஜக்கெற்றும் கையில் வான் சாவியுமாக வந்து கதவைத் திறந்தான். “அண்ணை, இப்பத்தான் வேலையாலை வந்தனான், உங்களிட்டைத்தான் வெளிக்கிடுறன். காலமை மூண்டு தரம் அடிச்சன். ஏன் எடுக்கேல்லை?”

“நீ ஆருக்குப் பெட்டிசம் போட்டனி?”

“பெட்டிசமோ?” பஸ்ரியனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “அந்த ரீம்காரப் பொம்பிளை எனக்கும் அடிச்சவ. தெரிஞ்ச ஆள் எண்டு பிள்ளை ஃபோர்மிலை என்ரை பேரை எழுதினவள். போடர் தாண்டப் பாஸ்போட் சரியோ எண்டு கேட்டவ. அதுதான் லிஃப்டிலை உங்களைக் கேட்டனான். இண்டைக்குக் காலமை திரும்ப அடிச்சு, வீட்டிலை ஒராள் அவ சிறிலங்காவுக்குப் போயிட்டா எண்டு சொன்னதாம் எண்டா. நான் இல்லையெண்டு சொன்னன். மத்தியானத்துக்குள்ளை பிள்ளை தங்களோடை கதைக்காட்டி வேற ஆளை எடுப்பினமாம்.” சாவியைப் பொக்கற்றில் போட்டான். “ஆரண்ணை அப்பிடிச் சொன்னது?”

அன்புராசா லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறினார். ஒவ்வொரு தளத்திலும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மேலே, போன் பக்கத்தில் அருள்மலர் நின்றுகொண்டிருந்தாள். கோச் எடுத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். எடுக்க இருந்த அணி வேறொருத்தியை எடுத்துவிட்டதாம். அருள்மலர் இங்கேதான் இருக்கிறாள் என்று கோச் அவர்களுக்குச் சொன்னதில், அந்தப் பொம்பிளை இன்னொரு தரம் எடுப்பாளாம்.

“அப்பா, அவையிட்டை என்ன சொன்னனீங்கள்?”

சொன்னார். மூன்று தரமும் சொன்னதைச் சொன்னார். அவள் கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். சந்திரவதனா குசினி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அப்போது போன் அடித்தது. பெட்டியில் நம்பர் இல்லை.

“நீங்களே எடுங்கோ” என்றாள் அருள்மலர்.

எடுத்தார். அதே வெள்ளைக்காரப் பொம்பிளை, அதே கேள்வி. அருள்மலர் இருக்கிறாளா?

“அவதான்” என்று மகளைப் பார்த்து மெல்லச் சொன்னார்.

அருள்மலர் நிமிர்ந்து பார்க்கவில்லை. “அப்பிடி ஒராள் இங்கை இல்லையெண்டு சொல்லுங்கோ அப்பா. உங்களுக்குப் பழக்கம்தானே.”

மூன்று கிழமையாக அரை நித்திரையிலும் தானாக வந்த சொல் இப்போது வர மறுத்தது. “ஷீ இஸ் ஹியர்” என்றார் அன்புராசா. “மை டோட்டர்.” சொல்லிவிட்டு ரிசீவரை மகளிடம் நீட்டினார்.

அவள் கை நீட்டவில்லை. உள்ளிருந்து அந்தப் பொம்பிளை ஹலோ, ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவர் நீட்டிய கையை மடக்காமல் நின்றார்.