ஆறு கிலோமீட்டர் ஜல்லி

ரயில் பாதையைப் பார்த்துக்கொள்கிற வேலை என்றால் ஏதோ நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது என்று நினைத்துவிடாதீர்கள். தினம் காலையில் ஆறு கிலோமீட்டர் நடை, அத்தனையும் ஜல்லி. தோளில் சுத்தியல், கையில் சிவப்புக் கொடி. தண்டவாளத்தைக் கட்டையோடு பிடித்துவைத்திருக்கிற கிளிப்பு ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே போக வேண்டும். கழன்றிருந்தால் அடித்து மாட்ட வேண்டும். முடிந்ததும் நோட்டில் 'சரி' என்று எழுதிக் கையெழுத்து. இருபத்தெட்டு வருஷமாக அவருக்கு இதே பிழைப்பு.

முன்னெல்லாம் கல் உருண்டால் கால் தானாகச் சமாளித்துக்கொள்ளும். அவர் பாட்டுக்குத் தண்டவாளத்தைப் பார்த்தபடி போய்க்கொண்டிருப்பார். இப்போது ஐம்பத்தெட்டு வயது. கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. கல் ஆடுகிறது என்று தெரிந்து சுதாரிப்பதற்குள் முட்டி தரையில் இருக்கிறது. இரண்டு மாசத்துக்கு முன்னால், புதிதாகக் கொட்டியிருந்த ஜல்லியில் அப்படித்தான் விழுந்தார். வீட்டுக்கு வந்து, "பாத்ரூம்ல வழுக்கிடுச்சு" என்று ஒரு புளுகு.

"அந்த பாத்ரூமைத் தினம் கழுவறவ நான். எனக்குத் தெரியாம எங்க வழுக்குச்சு?" என்றாள் மனைவி.

அவர் தைலத்தைத் தேய்த்துக்கொண்டார். உண்மையைச் சொன்னால் அவள் தம்பி காதில் போட்டுவிடுவாள். தம்பிதான் அந்தப் பாதைக்கு மேஸ்திரி. அப்புறம் லைனை விட்டு இறக்கி, ஆபீசில் ஏதாவது மூலையில் உட்காரவைத்துவிடுவார்கள்.

அன்றைக்குக் காலை, பாதை வளைகிற இடத்தில் மச்சினன் நின்றிருந்தான். முகமே சரியில்லை.

"மாமா, நேத்து இந்த வளைவைப் பாத்தீங்களா?"

"பாக்காம? நோட்டுல எழுதியிருக்கேனே."

"வரிசையா மூணு கிளிப்பக் காணோம் மாமா. இப்பதான் மாட்டினேன். கழண்ட எடமெல்லாம் துருவேறிக் கிடக்கு. நாலு நாளாவது ஆயிருக்கும்."

அவர் குனிந்து கிளிப்பைப் பார்த்தார். "வண்டி?"

"எல்லா வண்டியும் இதுமேலதான் போச்சு. ஏதோ நம்ம நல்ல நேரம்." மச்சினன் குரலைத் தாழ்த்தினான். "விடுங்க. நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன். இனிமே கொஞ்சம் பாத்துப் போங்க."

அப்பாடா என்றிருந்தது. 'சரிடா' என்று சொல்ல வாயெடுத்தவர், நேற்றை ஒருதரம் நினைத்துப் பார்த்தார். வளைவு தொடங்குகிற இடத்தில் ஒரு தட்டைக் கல், மிதித்தால் ஆடும். அடுத்தது கூர்க்கல், இடது பாதத்தைத் திருப்பி வைக்க வேண்டும். அதற்கப்புறம் ஒரு பள்ளம், அதைத் தாண்ட இரண்டு எட்டு. ஒவ்வொரு கல்லும் ஞாபகம் இருந்தது. தண்டவாளம் ஞாபகமே இல்லை.

நேற்று மட்டுமா? போன வாரமும் இல்லை. விழுந்த நாளிலிருந்தே இல்லை. அட கடவுளே, இரண்டு மாசமாகத் தன் காலைப் பார்த்துக்கொண்டு நடந்துவிட்டு 'சரி', 'சரி' என்று எழுதித் தள்ளியிருக்கிறார்!

அந்த ஜல்லிமேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"மேல எழுதிப் போடுடா" என்றார்.

"மாமா, அவசரப்படாதீங்க. எழுதினா உங்கள மறுபடி லைன்ல விட மாட்டாங்க."

"விடக் கூடாது. இந்த மூணு நீ பாத்ததால தெரிஞ்சுது. மிச்சப் பாதைல என்ன இருக்குன்னு யாருக்குடா தெரியும்? நான் பாக்கல. ரெண்டு மாசமா பாக்கவே இல்லடா. விழுந்துடுவேன்னு பயம்."

மச்சினன் போனை எடுத்து ஸ்டேஷனைக் கூப்பிட்டு, வண்டிகளை மெதுவாக விடச் சொன்னான். காரணம் கேட்டார்கள், அதையும் சொன்னான். பிறகு அவர் தோளிலிருந்த சுத்தியலை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான்.

"எந்திரிங்க மாமா. முதல்லேர்ந்து ஒரு நடை போயிட்டு வந்துடலாம். தண்டவாளத்த நான் பாத்துக்கறேன். நீங்க உங்க காலைப் பாத்து வாங்க."

அவன் முன்னால் போனான். அவர் பின்னால் போனார். யாருக்கும் ஒளிக்காமல், குனிந்த தலை நிமிராமல், காலை மட்டுமே பார்த்து நடந்தார். ஒரு கல்கூடத் தடுக்கவில்லை, இந்த இரண்டு மாசமும் தடுக்காத மாதிரியே. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.