வெள்ளை முதலில், சாயம் கடைசியில்

முப்பது வருசம் திருப்பூர் சலவைப் பட்டறையில் பனியன் துணி வெளுத்த சாமியப்பன், எழுபத்து மூன்றாம் வயசில் ஈரத்தரையில் வழுக்கி விழுந்து இடுப்பு மூட்டை உடைத்துக்கொண்டார். கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் அறுத்து, உள்ளே இரும்புக் குண்டைப் பொருத்தினார்கள்.

“சீழ் மட்டும் பிடிக்கக் கூடாது பெரியவரே. பிடிச்சா இரும்பைக் கழட்டணும். அப்புறம் நடக்கறது கஷ்டம்” என்றார் டாக்டர். சொன்னவர் சொல்லிவிட்டுப் போய்விட்டார். காப்பாற்றுவது யார்?

மூன்றாம் நாள் காலை டிரஸ்ஸர் மணியன் கட்டுப் பிரிக்க வந்தான். முதலில் பக்கத்துக் கட்டில், தாராபுரத்துக் கந்தப்பன். அவருக்கும் அதே இடுப்பு, அதே இரும்பு. ஆனால் சீழ் வைத்து வார்டே நாறியது. மணியன் இடுக்கியால் பஞ்சைப் பிடித்துத் துடைத்தான். கையைச் சட்டையில் தேய்த்துக்கொண்டு, அதே இடுக்கியோடு சாமியப்பன் பக்கம் திரும்பினான்.

சாமியப்பன் போர்வையை இழுத்து இடுப்பை மூடிக்கொண்டார்.

“போர்வையை எடுங்க பெரியவரே.”

“நீ கையைக் கழுவு. அந்த இடுக்கியை வேக வெய்யி. அப்புறம் எடுக்கறேன்.”

“கைநாட்டு ஆளு நீங்க, எனக்கே சொல்லித் தர்றீங்களாக்கும்?”

மனைவி ரங்காத்தாளுக்கு உடம்பு கூசியது. “ஏனுங்க, அவுங்ககிட்ட எதுக்குங்க வம்பு?”

“நீ சும்மா இரு. பட்டறையில வெள்ளைத் துணிய மொதல்ல முக்குவோம், சாயத்துணிய கடைசீல முக்குவோம். மாத்தி முக்குனா மேஸ்திரி செருப்பைக் கழட்டுவான். துணிக்கே அந்த மரியாதை! என்ற இடுப்பு கோமணத்தை விடக் கேவலமாப் போச்சா? என்னை மொதல்ல பாரு, அவரைக் கடைசியாப் பாரு.”

கந்தப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. “ஏனுங்க, நான் என்ன தீட்டுங்களா?”

சாமியப்பனுக்குச் சுருக்கென்றது.

“தீட்டு உங்க மேல இல்லீங்க. உங்களுக்குச் சீழ் எப்பங்க வந்துச்சு?”

“மொதக் கட்டுப் பிரிச்சு ரெண்டு நாள் கழிச்சுங்க.”

“கட்டுப் பிரிச்ச அன்னிக்கு உங்களுக்கு முன்னால இவன் யாரு புண்ணைத் தொட்டான்?”

கந்தப்பன் யோசித்தார். அவர் பார்வை வாசலோரக் கட்டிலுக்குப் போனது. போன வாரம் வரை, சர்க்கரை வியாதியில் கால் அழுகிய ஒருவர் அதில்தான் கிடந்தார்.

மணியன் நழுவப் பார்த்தான். எழ முடியாத கந்தப்பன் எட்டி அவன் சட்டையைப் பிடித்தார். “கூப்புடுறா டாக்டரை! அவர் வர்ற வரைக்கும் உட மாட்டேன்!”

சத்தம் கேட்டு டாக்டர் ஓடி வந்தார். என்ன ஏது என்று கேட்டுக்கொண்டே குனிந்து கந்தப்பனின் கட்டைத் தொடப் போனார்.

“டாக்டர் சாமி,” என்றார் கந்தப்பன், “நீங்களும் கையைக் கழுவிப்போட்டு வாங்க.”