தற்காப்புக்கு ஒரு டிக்

“யார்கிட்டருந்து தற்காப்புன்னுதானே கேக்கறேன், அதுக்கு ஏன்...”

“கேக்கறீங்களா? கத்தறீங்க. முதல்ல செருப்பைக் கழட்டுங்க, இப்பதான் கூட்டினேன்...”

“பேச்சை மாத்தாதே. கராத்தே கிளாஸ் ஃபாரத்துல, எதுக்குச் சேர்றீங்கங்கற இடத்துல உடம்பு இளைக்கன்னு ஒரு கட்டம் இருக்கு. பொழுதுபோக்குன்னு ஒண்ணு, மற்றவைன்னு ஒண்ணு. நாலுல உனக்கு அதுதான் கிடைச்சுதா?”

“பேனா அங்கதான் போச்சு.”

“போகும், போகும். தபால்காரர் லிஃப்ட்டுக்குள்ள நின்னு சொல்றார், ‘உங்க வீட்டம்மா தற்காப்புல டிக் போட்டிருக்காங்க, பார்த்து நடந்துக்குங்க சார்’னு. அஞ்சு பேர் சிரிக்கறாங்க. நானும் சேர்ந்து சிரிச்சேன், வேற என்ன செய்ய?”

“அவருக்கு எப்படித் தெரியும்?”

“அவரும் அங்கதானே வந்து கையைக் காலை உதறிட்டிருக்கார். மேஜை மேல அத்தனை ஃபாரமும் கிடக்குதாம். இருபது வருஷத்துல உன் மேல ஒரு அடி விழுந்திருக்கா? சொல்லு, ஒரே ஒரு அடி?”

“அடிச்சீங்கன்னு நான் எங்க சொன்னேன்?”

“அதான் டிக் சொல்லுதே!”

அவள் மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்ற காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் தொழிலில் ‘காரணம்’ என்கிற கட்டத்துக்குத் தனி மரியாதை உண்டு. எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றாலும் பழுதுப் புத்தகத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது. காரணம் பிடிபடாத நாளில் ‘வயர் லூஸ்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள். எழுதியவருக்கும் தெரியும், படிப்பவருக்கும் தெரியும். இவளும் அப்படி எதையாவது எழுதித் தொலைத்திருக்கலாமே, போயும் போயும் உண்மை மாதிரி ஒன்றை எதற்கு எழுதி வைத்தாள் என்பதுதான் அவருக்கு ஆறவில்லை.

மறுநாள் சாயங்காலம் வகுப்புக்கு அரை மணி முன்னாலேயே போய் நின்றார். டயர் கடைக்கு மேலே நீளமாக ஒரு கூடம். தரையில் நீல ரப்பர் விரிப்பு, ஜன்னலோரம் ஒரு மேஜை. மாஸ்டர் என்றால் மீசை வைத்த ஆள் என்று நினைத்துப் போனவருக்கு, இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி விரிப்பைத் துடைத்துக்கொண்டிருந்தது கொஞ்சம் ஆறுதலாகவே இருந்தது.

“சின்னத் திருத்தம் மாஸ்டர். வீட்டுல கட்டம் மாறி டிக் பண்ணிட்டாங்க. உடம்பு இளைக்கன்னு மாத்திடுங்க.”

“அக்கா சொன்னாங்களா?”

“நான் சொல்றேனே.”

“எழுதினவங்கதான் சார் மாத்தணும். உங்களுக்கு வேணும்னா புதுசா ஒண்ணு தர்றேன், நீங்க எழுதுங்க.”

மேஜையில் கிடந்தவற்றை அவர் கண்ணால் மேய்ந்தார். தபால்காரர் ‘மற்றவை’யில் டிக் போட்டு, பக்கத்தில் ‘நாய்’ என்று எழுதியிருந்தார். அதற்கு அடியில் கிடந்த ஃபாரத்தில் வேறு யாரோ எழுதியிருந்தது: ‘ஒரு மணி நேரமாவது வீட்டை விட்டு வெளியே இருக்க.’ இதையெல்லாம் எழுதுகிறவர்களுக்கு மானமே இல்லையா என்று நினைத்தவருக்கு, சட்டென்று ஒரு யோசனை பளிச்சிட்டது. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே தற்காப்புக்கு வந்தால் திருடன் பயம் என்று நினைத்துவிட்டுப் போகிறது உலகம். புது ஃபாரம் வாங்கி, தற்காப்பில் அழுத்தி ஒரு டிக் போட்டார். அந்தச் சாமர்த்தியம் அவருக்கே பிடித்திருந்தது.

ஆறு மணிக்கு வந்த மனைவி, பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு நின்றவரைப் பார்த்துத் திகைத்தாள்.

“இங்க என்ன பண்றீங்க?”

“தற்காப்பு.”

“யார்கிட்டருந்து சார்?” என்றார் தபால்காரர். கூடமே சிரித்தது. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காரியம் முடிந்தது, இரண்டு நாள் வந்துவிட்டு நின்றுகொள்ளலாம் என்று அவர் தீர்மானித்தார்.

மாஸ்டர் உயரம் பார்த்து ஜோடி பிரித்தாள். கணவனுக்கு எதிரே மனைவிதான் வந்து நின்றாள்.

“மேலேருந்து வர்ற கையைத் தடுக்கறது. ஒருத்தர் ஓங்கணும், அடிக்கக் கூடாது. எதிர்ல இருக்கறவங்க முன்கையை நெத்திக்கு மேல கொண்டுவரணும். எங்க, ஓங்குங்க.”

ஓங்குவது பலருக்கு வரவில்லை. தபால்காரர் பஸ்ஸை நிறுத்துகிறவர் மாதிரி கையைத் தூக்கினார். இன்னொருவர் தோளோடு நின்றுவிட்டார். இவர் கை மட்டும் ஒரே வீச்சில் மேலே போய், காதோரம் அசையாமல் நின்றது.

“எல்லாரும் இங்க பாருங்க!” என்றாள் மாஸ்டர். “சார் ஓங்கறது எவ்வளவு சுத்தமா இருக்கு! முன்னாடி எங்கயாவது கத்துக்கிட்டீங்களா சார்?”

“இல்லியே” என்றார். பெருமையோடு எதிரே பார்த்தார்.

அவள் கண்ணை இறுக மூடியிருந்தாள். தோள் இரண்டும் காதைத் தொட ஏறியிருந்தன. கைகள் தொங்கின.

“அக்கா, மூடிக்கிட்டா எப்படித் தடுப்பீங்க? போன வாரம் தபால்காரர் ஓங்கினப்ப டக்குனு தடுத்தீங்களே!”

சாவி கிடைக்காதபோது அந்தக் கை மேலே போகும். கேட்டதையே அவள் திரும்பக் கேட்டால் போகும். சட்டையில் பொத்தான் இல்லாவிட்டால் போகும். போய், இதே காதோரத்தில் நிற்கும், பிறகு இறங்கிவிடும். இறங்குவதைத்தான் இத்தனை வருஷமும் அவர் தன் நல்ல குணம் என்று நினைத்திருந்தார். இப்போது, எல்லார் முன்னாலும் அந்தக் கையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. மெல்லக் கீழே விட்டார்.

அவள் கண்ணைத் திறந்தாள். சொல்லிக்கொடுத்தபடி ஒரு காலைப் பின்னால் வைத்து, முன்கையை உயர்த்திக்கொண்டாள்.

“ஏங்க இறக்கிட்டீங்க? ஓங்குங்க. வீட்டுல ஓங்கற மாதிரியே ஓங்குங்க.”